விளக்கொளிக்குப் பன்னிரண்டு டப்பா

1988 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. ஹர்மத்தான் காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. பாலைவனப் புழுதி மேற்கு ஆப்பிரிக்க நகரமான வாகடூகுவின்மேல் கவிந்து, உச்சிவேளைக் கதிரவனையும் வெறுங்கண்ணால் நோக்கத்தக்க வெள்ளைத் தட்டாக ஆக்கியிருந்தது. காலையில் குளிர், பகலில் உதடு வெடிக்கும் வறட்சி.

அன்று மாலை ஆறு மணிக்குத் தபால் நிலையத்தின் டெலக்ஸ் பிரிவு மூடப்படும். அதற்குள் பாரிஸ் நகருக்குப் படச்சுருள் கேட்டுச் செய்தி சென்றாக வேண்டும். சென்றால் மட்டுமே சனிக்கிழமை விமானத்தில் சரக்கு ஏறும். மொத்தம் நாற்பது டப்பா என்பது முன்னரே முடிவாகியிருந்தது. எந்த வகை என்பதைக் கேட்பவர்களே சொல்ல வேண்டும். ஒருமுறை வந்து சேர்ந்ததைத் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ள வழியில்லை. தயாரிப்பு நிர்வாகியாக ரஸ்மாத்தா நிக்கியெமாவுக்கு அதுவே முதற்படம். ஆகவே, எந்தப் பிழையும் நேரக்கூடாது என்பதில் அவள் மிகுந்த கவனமாயிருந்தாள்.

முற்பகலில் ஒளிப்பதிவாளன் லம்பேர் தொயே அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

"எஜமான் வந்திருக்கேன். நாற்காலி எங்க?"

"அடிமைக்கு எதுக்கு நாற்காலி? தரை இருக்கு பாரு. எங்க தெருவுல நேத்து ஒரு நாயைக் காணோம்னாங்க. அப்பவே நினைச்சேன், நீ ஊருக்குத் திரும்பிட்டேன்னு."

"கவலைப்படாத, தலையை உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

லம்பேர் சமோ இனத்தவன். ரஸ்மாத்தா மோசி இனத்தவள். இவ்விரு இனத்தாரும் எங்குச் சந்தித்தாலும், மாமனும் மச்சானும் போல ஒருவரையொருவர் வாரிவிடுவது அந்நாட்டில் பிறப்புரிமை. சமோக்காரனை நாய்த்தின்னி என்பாள் மோசிப் பெண்; அவளைத் தன் அடிமை என்பான் அவன். என்ன சொன்னாலும் கோபம் கொள்ளலாகாது. கோபித்தவர் தோற்றவர்.

"சரி, எழுது," என்றான் லம்பேர். "நானூறு வேகம் பன்னிரண்டு டப்பா. மிச்சம் நூறு வேகம். அந்தந்த வகை ஒரே பேட்ச்சா வரணும். அப்புறம் தினமும் எனக்கு ஒரு நாய்த்தலை, மிளகாய் தூக்கலா."

"நானூறு எதுக்குடா? உங்க தாத்தா கும்மிருட்டுலயே நாயைப் பிடிச்சவர்தானே?"

"அந்த இருட்டைப் படம் பிடிக்கத்தான்டி கேக்கறேன், மோசி மண்டை!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர். அவன் லென்சுகளைத் துடைக்க முற்றத்துக்குச் சென்றான்.

இயக்குநர் கஃபாண்டோ முந்தைய படத்தில், மங்கிய ஒளியிலும் பதியும் நானூறு வேகச் சுருளைப் பயன்படுத்தி, பெரிய திரையில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்ததைக் கண்டு நொந்தவர் என்பதை ரஸ்மாத்தா அறிவாள். இரவுக் காட்சிக்கு ஜெனரேட்டரும் விளக்குகளும் பேசியாயிற்று. எனவே, பன்னிரண்டு டப்பா என்பதும் நாய்த்தலையின் வரிசையிலேயே சேர்ந்தது என அவள் எளிதில் முடிவுகட்டினாள். நாற்பதும் நூறு வேகம் என்று எழுதி, பிற்பகலில் டெலக்ஸ் பிரிவில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

குளிர்பெட்டியில் படச்சுருளுக்கு இடம் வேண்டுமென்று செம்பருத்திச் சாற்றுப் புட்டிகளை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது லம்பேர் உள்ளே வந்தான்.

"அனுப்பியாச்சு," என்றாள். "நாற்பதும் நூறு. உன் நாய்த்தலைக்குப் பாரிஸ்ல ஆள் கிடைக்கலையாம்."

அவன் கையிலிருந்த லென்சை மேசைமேல் மெல்ல வைத்தான். "சரிங்க மேடம்," என்றான்.

"என்னடா, நாய் கடிச்ச மாதிரி நிக்கற? இல்ல, நீ கடிச்ச நாய் இன்னும் தொண்டையில நிக்குதா?"

அவன் லென்ஸ் துடைத்த துணியை நான்காக மடித்தான். தன் வாழ்நாளில், நாயைப் பற்றிய கேலிக்கு மறுமொழி கூறாத சமோக்காரன் ஒருவனையும் ரஸ்மாத்தா கண்டதில்லை. புட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவனெதிரே அமர்ந்தாள்.

"லம்பேர், நிஜமாத்தான் கேட்டியா?"

"தாய் விளக்கேத்துற காட்சி. அவ மகன் வருவானா மாட்டானான்னு உக்காந்திருக்கா. வீட்டுல இருக்கறது அந்த ஒரே விளக்குதான். நூறு வேகத்துல எடுத்தா விளக்கு தெரியும், அவ மூஞ்சி தெரியாது. கண்ணும் பல்லும்தான் தெரியும். வெளிநாட்டுக்காரன் நம்மளை இத்தனை வருஷமா அப்படித்தான் எடுத்தான். நாமளே நம்மளை அப்படி எடுக்கணுமா?"

"அதுக்குத்தானே ஜெனரேட்டர்?"

"அந்தச் சத்தத்துல அவ முணுமுணுக்கறது எப்படிப் பதிவாகும்? தள்ளி வெச்சா கேபிள் எட்டாது. எட்டினாலும் ஒத்தை விளக்கு வீடு கல்யாண வீடாயிடும்."

"கஃபாண்டோ புள்ளி தெரியும்பாரே?"

"தெரியும். மூஞ்சியும் தெரியும்."

"இதைக் காலையிலயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்ட எப்படி? நீ மோசியாச்சே!" என்றான், நியாயம் முழுவதும் தன் பக்கமே என்பவனைப்போல.

கஃபாண்டோ இடம் பார்க்க வெளியூர் சென்றிருந்தார். அங்குத் தொலைபேசி கிடையாது. மாற்றுவதாயின் ரஸ்மாத்தாவே துணிய வேண்டும். காட்சி புள்ளிமயமாகிப் பாழானால் அவளே பழி சுமக்க வேண்டும். அவள் எழுந்து, மோபிலெட் வண்டியை உதைத்துக் கிளப்பி, புழுதிக்குள் புகுந்தாள்.

டெலக்ஸ் பிரிவில் அலுவலர் ஸொங்கோ அவள் தாளைத் துளைநாடாவில் ஏற்றி முடித்திருந்தார்; அனுப்புவது மட்டுமே எஞ்சியிருந்தது.

"இனிமே மாத்த முடியாதும்மா. உனக்குப் பின்னால இன்னும் நாலு பேர் செய்தி கிடக்கு."

"அண்ணே, நாடாவைக் கிழிச்சுட்டு மறுபடி அடிங்க. அதுல ஒரு தாய் மூஞ்சி இருக்கு."

"நாடாவுலயா?" ஸொங்கோ அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எனக்கு ஓட்டைதான் தெரியுது."

"அதேதான் அண்ணே. இதை அனுப்பினா திரையிலயும் ஓட்டைதான் தெரியும்."

அவர் முனகிக்கொண்டே நாடாவைக் கிழித்தார். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: நூறு வேகம் இருபத்தெட்டு டப்பா, நானூறு வேகம் பன்னிரண்டு டப்பா, அந்தந்த வகை முழுவதும் ஒரே பேட்ச், பொறுப்பு, நிக்கியெமா. கடைசிச் சொல்லின்போது குரல் சற்றுத் தடுமாறியதால், அதை இரண்டாம் முறை உரக்கச் சொன்னாள்.

இயந்திரம் தடதடத்து ஓய்ந்தது. மறுமுனையிலிருந்து, கிடைத்தது என்னும் குறி அச்சாகி வந்தது. ஸொங்கோ அத்தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினார். அப்போது நேரம் மாலை ஐந்து மணி ஐம்பத்து மூன்று நிமிடம்.