திரையில் ஒன்றுமில்லை

...இல்லை, இது மெஷின் கோளாறுதான், சத்தியமாக மெஷின் கோளாறுதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று முணுமுணுத்தபடி அவள் ஐந்தாவது தடவையாக அதை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள், திரையில் கம்பெனியின் வெள்ளை முத்திரை ஒரு நொடி பளிச்சென்று வந்தது, போனது, அப்புறம் கறுப்பு, வெறும் கறுப்பு, ஓரத்தில் மட்டும் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று பச்சையில் ஒரு குறிப்பு, என்ன ஓடுகிறது, எங்கே ஓடுகிறது, யாரை ஏமாற்றுகிறாய்... காலையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பழைய கணினி ஒரு முனகலோடு மூச்சை விட்டுவிட்டது, ரிப்போர்ட் அடிக்கும் மென்பொருளோ பதினெட்டு வருஷத்துக் கிழம், பழைய இயங்குதளத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிற ரகம், புதுக் கணினியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அதனால் புதுக் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் பொய்யாக உண்டாக்க வேண்டும், விர்ச்சுவல் மெஷின், அந்தப் பொய்க் கணினியில் பழைய இயங்குதளத்தை நிறுவிவிட்டால் கிழம் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும்... எத்தனை நிறுவியிருப்பாள், முப்பதா நாற்பதா, இந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சிஸ்டம் அக்கா என்றால் போதும், பிரிண்டர் காகிதத்தைக் கடித்தாலும் சிஸ்டம் அக்கா, மின்விசிறி சுற்றாவிட்டாலும் சிஸ்டம் அக்கா, அப்பேர்ப்பட்ட சிஸ்டம் அக்காவுக்கு இன்று மதியம் இரண்டு மணிக்கு ஒரு கறுப்புக் கட்டத்தின் முன்னால் உள்ளங்கை ஈரமாகிக்கொண்டிருந்தது.

சரி, பதறாதே, ஒன்று ஒன்றாகப் பார், வீடியோ நினைவகம் போதவில்லையா, கூட்டியாயிற்று, கிராபிக்ஸ் வகையை மாற்று, மாற்றியாயிற்று, முப்பரிமாண முடுக்கம் என்று ஒரு வேண்டாத பெட்டி இருக்குமே, அதில் இருந்த டிக்கை எடுத்தாயிற்று, நிறுவல் கோப்பே கெட்டுப்போயிருக்கலாம், மறுபடி இறக்கி அளவைச் சரிபார்த்தாயிற்று, அச்சுப்பிசகாமல் சரியாக இருக்கிறது... வேலை செய்கிறவளுக்குக் கோப்பு சரியாக இருந்தால் சந்தோஷம்தானே வர வேண்டும், இவளுக்கு வரவில்லை, இவளுக்குக் கோப்பு கெட்டிருக்க வேண்டும், செட்டிங் தப்பாக இருக்க வேண்டும், புது மானிட்டரே ஓட்டையாக இருந்தால் இன்னும் உத்தமம், எங்கேயாவது ஒரு பிழை, ஒரே ஒரு பிழை, கையைப் பிடித்து இதோ பார் இதுதான் என்று காட்டினால் அவள் அந்தப் பிழையைக் கும்பிட்டுவிடுவாள், ஏனென்றால் மெஷினில் ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்... மூன்று மாசத்துக்கு முன் கண் டாக்டர் விளக்கை அணைத்து, ஏதேதோ சுவரில் காட்டி, இது தெரியுதா, இதுக்குள்ள இருக்கற எழுத்து தெரியுதா என்று கேட்டு, அப்புறம் விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார், இருட்டு நிறத்துல இருக்கற இருட்டு நிறம் முதல்ல பிரியாதும்மா, கறுப்புல நீலம், கறுப்புல சாம்பல், அப்புறம் மங்கின வெளிச்சம், அதுக்கப்புறம் போகப் போகப் பார்க்கலாம் என்று. போகப் போக என்ன பார்ப்பது, பார்க்க முடியாதது தானே வியாதி. வண்டி ஓட்டறீங்களா என்று கேட்டார். இல்ல டாக்டர், வீட்டுக்காரர்தான் ஓட்டுவார் என்றாள், கூசாமல், கண் சிமிட்டாமல், ஸ்கூட்டர் சாவி கைப்பையில் இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னாளா, இல்லை. கண்ணாடி பவர் ஏறியிருக்காம் என்றாள், அவர் ‘அப்படியா, மாத்திக்கோ’ என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே அவள் தனக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள், திரை தெரிகிற வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை, திரையில் எழுத்து தெரிந்தால் சாலையில் லாரி தெரியாதா, லாரி எத்தனை பெரிசு... நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் மகள் நிற்பாள், பதிமூன்று வயசு, பையை வண்டியின் முன்பக்கம் வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வாள், இருபது நிமிஷ சாலை, மேம்பாலத்துக்குக் கீழே ஒரு திருப்பம், அங்கே எப்போதும் நிழல், தினமும் அந்த நிழலுக்குள் நுழையும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், வெளியே வந்ததும் விடுவாள், இதை யாரிடம் சொல்ல. போன வாரம் மகளுக்கு ஒரு காலுக்கு நீலச் சாக்ஸும் இன்னொரு காலுக்குக் கறுப்புச் சாக்ஸும் எடுத்து வைத்துவிட்டாள், வீட்டுக்காரர் சிரித்தார், உங்கம்மாவுக்கு எந்நேரமும் ஆபீஸ் ஞாபகம் என்றார், அவளும் சிரித்தாள், பாத்திரம் கழுவும்போதுதான் அழுதாள். அந்த ஒப்பந்தம் இன்று இந்தக் கறுப்புக் கட்டத்தில் வந்து நிற்கிறது, இது வெறும் கறுப்பா, இல்லை கறுப்புக்குள் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் என்ன செய்வது, இல்லாவிட்டால் எத்தனை நிம்மதி, கடவுளே இது வெறும் கறுப்பாகவே இருக்கட்டும்.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார், இதோடு மூன்றாவது தடவை, கீழே பெஞ்சில் பதினோரு பேர் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிறார்களாம், ஒரு கர்ப்பிணி காலையிலிருந்து இருக்கிறாளாம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்றார். டிஸ்பிளே வரல சார், பார்த்துட்டிருக்கேன் என்றாள், அவர் எட்டிப் பார்க்க ஓரடி எடுத்து வைத்ததும் படாரென்று கட்டத்தைக் கீழே இறக்கிவிட்டு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள், கை தானாகச் செய்தது, திருட்டுப் பூனை மாதிரி, எதற்கு மறைத்தாள், அவர் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே, இரண்டு விநாடியில் தெரிந்திருக்கும்... அதற்குத்தான் மறைத்தாள். அவர் போனதும் கட்டத்தை மேலே கொண்டுவந்தாள், என்டர் அழுத்தினாள், ஒன்றுமில்லை, மறுபடி என்டர், மறுபடி, ஏழு தடவை என்டர், கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பொய்க் கணினியின் ப்ராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பார்த்தாள், பூஜ்யம், சிக்கிக்கொண்ட மெஷின் திணறும், நூறு காட்டும், பூஜ்யம் என்றால் சும்மா இருக்கிறது, சும்மா இருக்கிறது என்றால் யாருக்காகவோ காத்திருக்கிறது, இதை அவளே எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள்... வேண்டாம், அந்த யோசனை வேண்டாம். கைபேசியை எடுத்தாள், திரையை ஒரு படம் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிப் பெரிதாக்கினால் தீர்ந்தது விஷயம், அரை நிமிஷ வேலை, எடுத்து கேமராவைத் திறந்தாள், கறுப்பை நோக்கிப் பிடித்தாள், கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது, அங்கேயே நின்றது, அப்புறம் கைபேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். கோழை, ஆமாம் கோழைதான், இப்போது என்ன அதற்கு.

ஊசி அண்ணன் உள்ளே வந்தார். ரத்தம் எடுக்கிறவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிட்டு, குத்தியாச்சா என்று கேட்கிறவர்களிடம் இன்னும் இல்லையே என்று பஞ்சைக் கொடுக்கிற ஆள், கணினி என்றால் தொடமாட்டார், ஷாக் அடிக்கும் என்பார். கீழே ஜனங்கள் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்றும், ரத்தத்தைக் குடித்துவிட்டாயா என்று ஒருவன் கேட்டே விட்டான் என்றும் சொல்லிக்கொண்டே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார், அவள் இறக்கிவிடப் பார்த்தாள், சுட்டியின் அம்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதுவும் அந்தக் கறுப்புக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அவள் திரும்பவில்லை, அவர் பார்த்துவிட்டுத் திட்டக் கூடாதா, ஒன்றும் தெரியலையேம்மா என்று சொல்லக் கூடாதா, சொல்லுங்கள் அண்ணே, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்...

“என்னம்மா இது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு?” என்றார்.

அவர் விரலால் எண்ணினார், எட்டு வரிம்மா, எட்டும் ஒண்ணுதான், எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, அதுவும் நீலத்துல, எவன் வச்சானோ இந்தக் கலரை என்றார், பிறகு அவள் கேட்காமலே, தபால் வாசித்துக் காட்டுகிறவர் போல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தார், டிஸ்க் காலியாக இருக்கிறதாம், அதை ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கிறதாம், ஆமாம் என்றால் ‘ஒய்’ எழுத்தை அழுத்தி அப்புறம் என்டராம், வேண்டாம் என்றால் ‘என்’ எழுத்தாம். எட்டு வரி, முதல் வரி போக ஏழு என்டர், ஒவ்வொரு தடவை அவள் அழுத்தினபோதும் அது பொறுமையாகத் திரும்பக் கேட்டிருக்கிறது, அவள்தான் பதில் சொல்லவில்லை. விரல் ஒய்க்குப் போனது, என்டருக்குப் போனது, அடுத்து என்ன சொல்லுதுண்ணே என்று கேட்டாள், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை, உனக்குத் தெரியலையா என்று கேட்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு சதவீதம், மூணு சதவீதம், இப்ப ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்தார், சர்வ சாதாரணமாக, இதுவே தன் வேலை என்பது போல.

இப்படிச் சொல்லிக்கொண்டே வருகிற குரலை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள்... எங்கே, கேட்காமலே சொல்கிற குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து... அம்மா அங்க பாரு நாய் படுத்திருக்கு, அம்மா ஸ்பீடு பிரேக்கர், அம்மா அந்தத் தாத்தா குறுக்க வர்றாரு, சிவப்பு விழுந்துருச்சும்மா, நீலக் கார்ம்மா, லெஃப்ட்ல... வாயை மூடிக்கிட்டு வாயேன்டி, லொடலொடன்னு, எனக்குக் கண்ணு தெரியாதா என்று நேற்றுக்கூட அதட்டினாளே, மேம்பாலத்துக்குக் கீழே நுழைந்ததும் மகள் மறுபடி ஆரம்பித்தாளே, மெதுவாக, பாட்டு முணுமுணுக்கிற மாதிரி, மணல் கிடக்கும்மா, சைக்கிள்ம்மா... எப்போதிலிருந்து, அவள் முன்னெல்லாம் வண்டியில் வாயே திறக்க மாட்டாளே, தூங்கி முதுகில் சாய்ந்துவிடுவாளே, எத்தனை நாளாக அந்தக் குழந்தை தூங்கவில்லை. இருபத்திரண்டு சதவீதம்மா என்றார் ஊசி அண்ணன், என்ன, பார்த்துட்டுத்தானே இருக்கே. ம், என்றாள் அவள், சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால் ஆகியிருந்தது, பள்ளிக்கூடம் விட இன்னும் முக்கால் மணி நேரம்.