வேறென்ன கேட்டீங்க?

கரும்பு விளையும் தீவின் தெற்கே, செமின் கிரனியே என்ற ஊரில், நாகலிங்கத்தின் வீட்டில் ஒரு வேலை வருஷக்கணக்காக ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. அதை வேலை என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. மகன் தேவராசுவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரியில் புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாவற்றையும் அவன் பெண்சாதி பொன்னம்மா செய்தாள். நாகலிங்கம் சர்க்கரை ஆலையில் கொதிகலன் கட்டுகிறவன். விடிந்தால் ஆலை, பொழுது சாய்ந்தால் வீடு. வீட்டுக்குள் நுழைந்ததும் பையன் தலையை ஒரு தடவு தடவிவிட்டுக் கைகழுவப் போய்விடுவான்.

பையனுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூச்சு வராமல் நீலம் பாய்ந்து பிறந்தவன். கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டு விறைத்துக் கிடக்கும். பொன்னம்மா அவனுக்காகத் தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்காவடி எடுத்தாள். பச்சிலை அரைத்தாள், எண்ணெய் தேய்த்தாள், கடலுக்குக் கொண்டுபோய் முழுக்காட்டச் சொன்னார்கள், அதையும் செய்தாள். பையன் வளர்ந்தான், கனத்தான். அவ்வளவுதான் மாறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷம், கரும்பு வெட்டு முடிந்து ஆலை அடங்கிய சமயம். ஒரு காலையில் குளிப்பாட்டிய தொட்டியிலிருந்து பையனைத் தூக்கிய பொன்னம்மா அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. பையனைக் கீழே விடவில்லை. நாகலிங்கம் ஓடிவந்து பார்த்தபோது, ஈரத் தரையில் அவள் கிடக்க, அவள் நெஞ்சின் மேல் பையன் கிடந்தான். "முதல்ல ராசுவ எடுங்க" என்றாள். எடுக்கப்போனான். பையன் வில் மாதிரி பின்னால் வளைந்து கத்தினான். எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை.

டிஸ்பென்சரி நர்சு வந்து பார்த்தாள். பொன்னம்மா ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கவே கூடாது என்றாள். பையனைப் பார்த்துவிட்டு, "இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைங்களுக்குக் கியூர்பிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருக்கே, போய்ப் பார்த்தீங்களா? காலுக்கு இரும்புப் பட்டை போட்டு நடக்க வைக்கிறாங்களாம்" என்றாள்.

நடக்க வைக்கிறார்கள் என்ற ஒரு சொல் நாகலிங்கத்துக்குப் போதும். ஆலையில் லீவு கேட்டு வாங்கினான். பக்கத்து வீட்டுப் பெண் பொன்னம்மாவுக்குத் துணை இருப்பதாகச் சொன்னாள். பொன்னம்மா படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்: தண்ணி இப்படிக் கொடுங்க, துணி இத்தனை எடுத்துக்குங்க, பஸ்ஸுல சத்தம் போட்டா காதுகிட்ட மெதுவாப் பாடுங்க. அவன் பாதியைத்தான் காதில் வாங்கினான். மனசு அதற்குள் பையன் நடந்து வருவதைப் பார்க்கக் கிளம்பிவிட்டிருந்தது.

பஸ்ஸில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மடியில் வைத்தால் சறுக்கினான், தோளில் போட்டால் விறைத்தான். எச்சில் வழிந்து சட்டை நனைந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பாடச் சொன்னாளே என்று ஞாபகம் வந்து, எதைப் பாடுவது என்று தெரியாமல் கோயிலில் கேட்ட ஒரு வரியை முனகினான். பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தான். இவள் தினம் இதைத்தான் செய்கிறாளா என்று நாகலிங்கத்துக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

மேட்டு ஊரான கியூர்பிப்பில் மழை. அங்கே மழை இல்லாத நாளைத்தான் ஊரார் சொல்லிக்கொள்வார்கள். பையனைச் சாக்கால் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். நீள பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள். அவர்கள் மடியிலும் பக்கத்திலும் இரும்பும் தோலும் மாட்டிய கால்களோடு பிள்ளைகள். ஆம்பிளை அவன் ஒருத்தன்தான். ஓரமாக நின்றவனை, பருத்த உடம்பும் பெரிய சிரிப்புமாக இருந்த, ஆப்பிரிக்க வழி வந்த ஒரு கிரியோல்காரி கூப்பிட்டு இடம் கொடுத்தாள்.

"உக்காரு தம்பி. இங்க நிக்கிறவங்களுக்குப் பரிசு ஒண்ணும் கிடையாது" என்றாள். அவள் பேர் ரோஸ்-மே. கியூர்பிப் சந்தைக்குப் பின்னால் குடியிருந்து துணி வெளுக்கிறவள். பக்கத்தில் அவள் மகள் இவெட், வாதத்தில் ஒரு கால் சூம்பியவள், தன் இரும்புப் பட்டையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். தேவராசு அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய்ச் சிரித்தான்.

டாக்டர் நல்ல மனுஷர். அவசரப்படாமல் பையனைத் தொட்டுப் பார்த்தார். ஜோசியான் என்கிற இளம்பெண், பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறவள், எல்லாரும் மாம்செல் என்று கூப்பிடுகிறவள், அவர் சொன்னதைத் தீவில் எல்லாரும் பேசுகிற கிரியோலில் எடுத்துச் சொன்னாள்.

"இது வாதம் இல்லீங்க. பிறக்கும்போதே மூளைக்குக் காத்து பத்தாமப் போனதால வந்தது. இரும்புப் பட்டை இவனுக்கு உதவாது. மருந்தும் இல்ல."

"நடப்பானா, மாம்செல்?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நாகலிங்கத்தின் தோளில் கைவைத்து, இல்லை என்று தலையசைத்தார்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். நெஞ்சில் ஈரமண்ணை அள்ளிக் கொட்டினது போல் இருந்தது. பொன்னம்மாவிடம் போய் என்ன சொல்வது?

"என்ன சொன்னாங்க?" என்றாள் ரோஸ்-மே.

"நடக்க மாட்டானாம்."

"சரி. அது தெரிஞ்சு போச்சு. வேறென்ன கேட்டீங்க?"

நாகலிங்கம் விழித்தான். "வேற என்ன இருக்கு கேக்க?"

 ரோஸ்-மே அவன் மடியிலிருந்த தேவராசுவின் மோவாயைத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தாள். "எவ்வளவோ இருக்கு. எப்படி உக்காருவான், எப்படிப் புரையேறாமத் திம்பான், எப்படித் தூக்கினா இவன் அம்மா முதுகு பிழைக்கும். அதையெல்லாம் கேட்டியா? நானும் முதல் வருஷம் முழுக்க ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். எழுந்திரு."

அவன் வேண்டாம் என்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஜோசியான் அறைக் கதவைத் தட்டினாள். "மாம்செல், இந்தத் தம்பி இன்னும் கேட்டு முடிக்கல."

ஜோசியான் பகல் சாப்பாட்டுக்கு எழுந்திருந்தாள். டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தரையில் பாயை விரித்தாள். "வாதப் பிள்ளைங்களுக்குத்தான் இந்த இடம். ஆனா எனக்குத் தெரிஞ்சத சொல்லிக்கொடுக்க யாரும் தடை போடல" என்று சிரித்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். படுத்துச் சாப்பிடுவானா, சாய்ந்து சாப்பிடுவானா? பசித்தால் எப்படிச் சொல்வான்? எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவான்? எதற்குப் பயப்படுவான்?

"அவன் அம்மாவுக்குத் தெரியும்" என்றான் நாகலிங்கம். அடுத்ததற்கும் அதையே சொன்னான். அதற்கடுத்ததற்கும் அதேதான்.

ஜோசியான் குத்திக்காட்டவில்லை. "அப்போ நான் பார்க்க வேண்டியது அவங்களத்தான். இப்போ நீங்க இத மட்டும் கத்துக்குங்க" என்றாள். காலைப் பிடித்து இழுத்தால் இன்னும் விறைக்கும். முதலில் முட்டியை மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இடுப்பு மடங்கினால் உடம்பு தானே இளகும். பிறகு ஒரு பக்கமாகப் புரட்டி, சுருட்டினாற்போல் மாரோடு அணைத்து, குனியாமல் குந்தி எழ வேண்டும். அவள் செய்து காட்டினாள். நாகலிங்கம் செய்தான், தப்பாகச் செய்தான், மறுபடி செய்தான். இரும்பாகப் பின்னிக் கிடந்த கால்கள் மெல்லப் பிரிந்தன. இறுக்கி மூடியிருந்த பையனின் கை விரிந்து அப்பன் சட்டைமேல் வந்து படிந்தது.

கொதிகலன்களோடு வாழ்நாளைக் கழித்தவன், அந்தக் கையை அசைக்காமல் அப்படியே குந்தியிருந்தான். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"நாற்காலி ஒண்ணு செஞ்சா நல்லா உக்காருவான்" என்றாள் ஜோசியான். "ஆனா எங்க பட்டறையில இரும்புப் பட்டை மட்டுந்தான் செய்வாங்க."

"என் வீட்டுக்காரன் எதுக்கு இருக்கான்?" என்றாள் ரோஸ்-மே.

அப்பனையும் பையனையும் நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் புருஷன் ஜான்-பியேர் தச்சன். வீட்டுப் பின்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தான். ஜோசியான் துண்டுக் காகிதத்தில் போட்டுக் கொடுத்திருந்த படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படத்தில் இருந்தபடி, உட்காரும் பலகை பின்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் பையன் முன்னால் வழுக்க மாட்டான். முட்டிகளுக்கு நடுவில் ஒரு கட்டை, கால் வைக்க ஒரு பலகை, முன்னால் தட்டு வைக்க ஒன்று. கயிற்றால் பையனை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். கூலி பற்றி நாகலிங்கம் வாயெடுத்ததும், "உங்க ஊர்ப் பக்கம் வாழைத்தார் நல்லா இருக்குமாமே" என்று சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்தான்.

அன்று பொழுது சாய வீடு வந்தவன், நடக்க மாட்டான் என்பதைப் பொன்னம்மாவிடம் மறைக்காமல் சொன்னான். அவள் கூரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியும்" என்றாள். "எப்பவோ தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் மனசு வரல."

அவன் பையனை ஜோசியான் காட்டியபடி முட்டி மடக்கித் தூக்கினான். பொன்னம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அட, இது எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டவள் சிரிக்கப்போய், இடுப்பு வலித்து, சிரிப்பும் முனகலுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஜோசியான் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக அவன் அவளிடம் கேட்டான். பொன்னம்மா சொல்லச் சொல்ல அவனுக்குத் திகைப்பாக இருந்தது. தண்ணி வேணும்னா நாக்கைச் சொடுக்குவான். வெளிய போகணும்னா வாசலைப் பார்த்துட்டு உங்களைப் பார்ப்பான், ரெண்டு தடவை. பருப்பு கெட்டியா இருந்தா விழுங்குவான், தண்ணியா இருந்தா புரையேறும். ஆலைச் சங்குக்குப் பயம், ஆனா சங்கு ஊதினா நீங்க வருவீங்கன்னு தெரியும், அதனால பயத்தோடயே சிரிப்பான்.

"நான் வருவேன்னு தெரியுமா அவனுக்கு?"

"தெரியாம? சாயந்தரம் அதுக்காகவே வாசப்பக்கம் படுக்க வைக்கச் சொல்லுவான்."

ஒரு கல்லூரியே தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்க, தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கப் போயிருக்கிறோம் என்று நாகலிங்கத்துக்குப் பட்டது. அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தான். ஊட்டட்டுமா என்று கேட்டான். "கை நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனாலும் வாயைத் திறந்தாள்.

சில வாரம் கழித்து நாற்காலி பஸ் கூரைமேல் ஏறி வந்தது. கூடவே ரோஸ்-மேயும் இவெட்டும் ஜோசியானும் வந்து இறங்கினார்கள். பொன்னம்மா அதற்குள் மெல்ல நடமாட ஆரம்பித்திருந்தாள். தேவராசுவை அதில் உட்காரவைத்து, இடுப்பில் துணிப்பட்டை கட்டினார்கள். பையன் முதலில் மிரண்டான். பிறகு தலையைத் தூக்கினான். படுத்தபடி கூரையையும் மற்றவர்கள் மோவாயையுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, அம்மாவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான். பொன்னம்மா பருப்புச் சோறு பிசைந்து ஊட்டினாள். ஒரு வாய்கூடப் புரையேறவில்லை.

"மெர்சி, மாம்செல். மெர்சி, அக்கா" என்று நாகலிங்கம் இருவருக்கும் மாற்றி மாற்றி நன்றி சொன்னான். 

ஜோசியான் வெறுமனே திரும்பிப் போகவில்லை. "இந்த ஊர்ல இப்படி வேற பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றான் நாகலிங்கம். பொன்னம்மா, "இருக்காங்க" என்றாள். கோயில் தெருவில் சின்னன் வீட்டில் ஒரு பெண், பின்கட்டை விட்டு வெளியே வருவதில்லை. ஆற்றங்கரைப் பக்கம் பார்வையில்லாத ஒரு பையன். கடைக்காரர் கோபாலனின் தங்கைக்குப் பேச்சும் இல்லை, காதும் இல்லை. அதே ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தாய்மார்கள் துணி துவைக்கிற இடத்தில் ஒருவரோடொருவர் சொல்லிக்கொண்டதோடு சரி.

அடுத்த மாதத்திலிருந்து, ஜோசியானுக்கு ஓய்வு கிடைக்கிற சனிக்கிழமைகளில், கோயில் கூடத்தில் பாய் விரித்தார்கள். பூசாரியிடம் இடம் கேட்டது நாகலிங்கம்தான். முதல் தடவை யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தான். சின்னன் வந்தான், மகளைப் போர்வையால் மூடித் தூக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி. பொன்னம்மா எழுந்துபோய்ப் போர்வையை விலக்கி, "உன் பேர் என்னம்மா?" என்று அந்தப் பெண்ணையே கேட்டாள். கோபாலனின் தங்கைக்கும் பார்வையில்லாத பையனுக்கும் ஜோசியானால் நேரடியாகச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஆனால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து வந்து சொன்னாள், கூடவும் போனாள்.

அந்தக் கூட்டத்தில் தாய்மார்கள் தமக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாதத்தில் ஒரு நாள், ஒருத்தியின் பிள்ளையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வது. பொன்னம்மாவின் முறை வந்தபோது நாகலிங்கம், "யாரும் வேண்டாம், நான் இருக்கேன். நீ போயிட்டு வா" என்றான்.

"எங்க போக?" என்றாள் அவள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து, கடலோரத்துச் சுயாக்கில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். நல்ல சேலை கட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் தூக்கிப் பழகிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே நடந்தாள்.

நாகலிங்கம் பையனுக்குச் சோறு ஊட்டினான். வெகுநேரம் பிடித்தது. பாதி சிந்தியது. பையன் வாசலைப் பார்த்தான், அப்பனைப் பார்த்தான். மறுபடி வாசலைப் பார்த்தான், அப்பனைப் பார்த்தான். நாகலிங்கத்துக்குப் புரிந்தது. நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். தெருவில் போனவர்கள் நின்று பேசினார்கள். பையன் எல்லோருக்கும் சிரித்தான்.

தேவராசு கடைசிவரை நடக்கவில்லை. அவன் வளர வளர ஜான்-பியேர் அந்த நாற்காலியை இழைத்தும் கூட்டியும் புதிதாகவே செய்தும் கொடுத்தான். இங்கிருந்து ஒவ்வொரு தடவையும் வாழைத்தார் போயிற்று.

அக்காவைப் பார்க்கப் போன அந்த முதல் நாள் சாயங்காலம், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் பொன்னம்மா வந்து இறங்கினாள். சேலை ஓரம் நனைந்து மணல் ஒட்டியிருந்தது.

"அக்கா சௌக்கியமா?" என்றான் நாகலிங்கம்.

"சௌக்கியம். பேசிட்டுக் கடலுக்குப் போனேன். சும்மா நின்னேன். யாருக்கும் ஒண்ணும் செய்யாம" என்று சொல்லிவிட்டு, பையனுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். பையன் கன்னத்தில் காய்ந்திருந்த பருப்பைப் பார்த்தாள். துடைக்காமல் விட்டுவிட்டு, புருஷன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.