மிஸ்ஸின் மகள் சொன்ன வாக்கியம்

இங்கிலீஷ் மிஸ்ஸின் மகளாக அவர் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பதைப் போலத் தலைவலி வேறில்லை. வீட்டில் அம்மா, பள்ளி வாசலைத் தாண்டினால் மிஸ். மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம். அதனால் அவளிடம் மட்டும் மிஸ் கேள்வியே கேட்க மாட்டார்.

அன்றைக்குப் பாடம் ஹைபர்போலி. அதாவது, இருப்பதை ஊதிப் பெரிதாக்கிச் சொல்வது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். பசித்தால் யானையையே தின்றுவிடுவேன் என்றான் வகுப்பின் குண்டுப் பையன். வகுப்பே சிரித்தது. முறை அவள் பெஞ்சுக்கு வந்ததும், மிஸ் வழக்கம்போல் அவளைத் தாண்டி அடுத்தவளைப் பார்த்தார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூப்பிடாமலே எழுந்து, தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னாள்: அப்பாவின் பைக் சத்தம் கேட்டால் எங்கள் வீடே மூச்சை நிறுத்திக்கொள்ளும்.

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் பலகையிலேயே நின்றுவிட்டது.

முதல் பெஞ்சு முந்திரிக்கொட்டை கையைத் தூக்கினாள். “மிஸ், இது ஹைபர்போலிதானே? சரியா, தப்பா?”

மிஸ் சரி என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் வெறும் பாடமாகிவிடும். சொல்லிடும்மா என்று மனசுக்குள் கெஞ்சினாள் மகள்.

மிஸ் தன் முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். வகுப்பில் முதல்முறையாக மகளை நேருக்கு நேர் பார்த்தார்.

“தப்பு,” என்றார். “இதுல மிகையா எதுவும் இல்ல.”