படகுக்கு எந்த என்ஜின்

அண்ணன் தனிஸ்லாஸின் வாயில் ஸ்பூனால் இளநீரை ஊட்டிக்கொண்டே, மரியராஜ் தன் வாதத்தையும் சேர்த்து ஊட்டினான். காலையிலேயே பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். ஆன்மா விஷயம் முடிந்தது. படகு விஷயம் முடியவில்லை.

தொண்டியில் கணக்கு வாத்தியாராக இருந்த தனிஸ்லாஸ் ஓய்வுபெற்று வந்து, மணல் மட்டும் இருந்த வைகைக்குப் பக்கத்தில், கோச்சடை வீட்டுக் கொல்லையில், சின்னப் பாய்மரப் படகு ஒன்று கட்டினார். முடிந்ததும் லாரியில் ஏற்றித் தொண்டிக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். காற்று நின்றுபோனால் கரை சேர ஒரு என்ஜின் வேண்டும். அதைப் பின்பக்கம் வெளியே மாட்ட வேண்டும் என்றார் அவர். சமயநல்லூரில் பம்புசெட் மெக்கானிக்காக இருந்த தம்பி, உள்ளேதான் வைக்க வேண்டும் என்றான். படகு மூன்று வருசமாகக் கொல்லையிலேயே நின்றது.

"வெளியதான்டா," என்றார் தனிஸ்லாஸ். பாதிக் குரல் இளநீரோடு வழிந்தது. "ஆழமில்லாத எடத்துல... தூக்கிக்கலாம்."

"மோட்டாருன்னா திண்டு கட்டி உக்காரணும்ணே. வால்ல தொங்குனா அது மோட்டாரா, கொரங்கா?"

அண்ணி பாக்கியமேரி கணவரின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அதுக்குத்தான் உசுரப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. சொன்னாக் கொறஞ்சா போயிருவீங்க?"

எட்டாம் வகுப்போடு நின்றவன், அண்ணனிடம் இன்னும் தோற்காத ஒரே வழக்கு அது. தவிர, உயிரைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டுமே என்றும் தோன்றியது.

"எடையப் பாருங்க மதினி. பின்னால அம்புட்டுப் பாரம் தொங்குனா மூக்கு வானத்தப் பாக்கும். நடுவுல வச்சா எம்புட்டுக் காத்துக்கும் அசையாது. டீசல்லயே ஓட்டிரலாம்..."

சொல்லிக்கொண்டே போனான். அண்ணன் மறுக்கவில்லை. மூன்று வருசத்தில் முதல் தடவையாக ஜெயித்திருந்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"சரிண்ணே. வெளியவே மாட்டுவோம். உள்ள வச்சா அடியில ஓட்டை போடணும், தண்ணி கசியும். எனக்கு அது அப்பவே தெரியும்." என்ஜின் விசிறி எப்படி மேலே எழும்பும் என்று கையைத் தூக்கிக் காட்டினான். "தரை தட்டுச்சுன்னா இப்பிடித் தூக்கிக்கலாம்."

பாக்கியமேரியின் கை அவர் பாதத்தின் மேல் அசையாமல் இருந்தது.

"எப்ப மதினி?"

"நீங்க எடைன்னு ஆரம்பிச்சப்பவே," என்றாள். "பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

எழுந்து, பழைய வேட்டியில் நீளமாக ஒன்று கிழித்து, அவர் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் கட்டினாள். முடிச்சு இறுக இன்னொருவர் விரல் தேவைப்பட்டது. மரியராஜ் தூக்கிய கையை இறக்கி அங்கே வைத்தான்.