மூலைப்பிடியும் உம்கொட்டலும்

இறுதி ஆட்டத்தில், காசு போட்டு ஆடும் வீடியோ சண்டை மெஷினுக்குள் இருந்த மொட்டை தூக்கிய கையை இறக்கிவிட்டு, எதிராளியின் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அதுவரை அடி விழும்போது ‘ஹா’, ‘ஹூ’ என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியிராதவன். ஸ்பீக்கர் பழையது என்பதால் குரல் கொஞ்சம் கரகரத்தது, மற்றபடி எல்லாம் தெளிவாகவே கேட்டது. அவன் பேசி முடிப்பதற்குள் நேரம் முடிந்துபோனது. ஆரம்பத்தில் தெரியாத்தனமாக ஒரு குத்து விட்டிருந்த எதிராளி வென்றதாகத் திரை அறிவித்தது. மொட்டையை ஆட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் அதன் பிறகும் பொத்தான்களைக் குத்திக்கொண்டே இருந்தார்.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஹாலில் மாதக் கடைசி ஞாயிறுதோறும் போட்டி நடக்கும். படி ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். மெக்கானிக் பல வருடங்களாக அங்கே அசைக்க முடியாத ஆள். அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான், மூலைப்பிடி. எதிராளியைத் திரையின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், பிடித்து, முழங்காலால் இடித்துத் தரையில் போட்டு, அவன் எழுந்திருப்பதற்குள் மறுபடி பிடிப்பார். சிக்கியவன் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. இது ஆட்டமா அக்கிரமமா என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். மெக்கானிக் அசரவில்லை. மெஷினே விடும்போது நீங்கள் யார் கேட்க என்று வாதாடி ஜெயித்து, ‘மெஷின் விடுவதெல்லாம் ஆட்டமே’ என்று தன் செலவிலேயே ஒரு பலகை எழுதி வாசலுக்கு மேல் மாட்டினார். வெண்கலக் கோப்பை அவர் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் நிரந்தரமாகக் குடியிருந்தது.

எதிராளி வேறு யாருமில்லை, அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன். குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் மேஜை அவனுடையது. காலை முதல் மாலை வரை, குழாயில் காற்று வருகிறது, தண்ணீர் கலங்கி வருகிறது என்று வருகிறவர்களிடம் “ம்... சொல்லுங்க” என்பதுதான் உத்தியோகம். தண்ணீர் வந்ததோ இல்லையோ, வந்தவர்கள் மனம் லேசாகித் திரும்பினார்கள். மாமியார் வீட்டிலும் அதே கதைதான். மோட்டாரை இறக்கிப் பழுது பார்த்துத் தந்தது மெக்கானிக், நல்ல மாப்பிள்ளை என்று பெயர் வாங்கியது சகலை. அந்த வீட்டில் சகலைக்கு இல்லாமல் தனக்கு மட்டும் இருந்தது கோப்பை ஒன்றுதான் என்று மெக்கானிக் நினைத்திருந்தார். இரவல் வாங்கிய டிரில்லைத் திருப்பிக் கொடுக்க ஹாலுக்கு வந்தவனை, இறுதி ஆட்டத்துக்கு வர வேண்டியவன் வரவில்லை என்று யாரோ பிடித்து உட்காரவைத்ததில் வந்த வினை இது. பொத்தான் எது கைப்பிடி எது என்று தெரியாமல் திரையைப் பார்த்து அவன் பழக்கதோஷத்தில் “ம்...” என்றான். அவ்வளவுதான்.

அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படியே நடந்தது. சகலை உம் கொட்டினால், எதிரே நிற்பவன் எப்பேர்ப்பட்ட முரடனாக இருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவான். கத்திக்காரி தனக்குத் தைத்த உடையில் குளிர் தாங்கவில்லை என்றாள். பனிமனிதனைப் போலிருந்த மல்லன், பின்னால் வரைந்திருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்றான். கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. கீழே டயர் மாற்ற வந்தவர்கள்கூட மேலே வந்து நின்றார்கள். ஆனால் மெக்கானிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது மொட்டை சொன்னதுதான்.

“ஜெயிச்சா அவரு ஜெயிச்சாரு, தோத்தா நான் தோத்தேன். இத்தனை வருஷத்துல முட்டி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை.”

மெக்கானிக்குத் தாங்கவில்லை. கோப்பை போனது கூடப் பெரிதில்லை. தன் மொட்டை, தன் விரல் பட்டே வளர்ந்த மொட்டை, கண்ட பயலின் தோளில் சாய்கிறான். கட்டிய பெண்டாட்டி இன்னொருவனிடம் சிரித்துப் பேசினால்கூட இவ்வளவு எரியாது என்று மனைவியிடமே சொன்னார். அவள் “அப்படியா” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

உம் கொட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் ஹால்காரம்மாவிடம் போனார். சண்டை மெஷின் சண்டை போடத்தான், குறை கேட்க இல்லை என்றார். சகலையோ, நான் என்ன செய்தேன், அது பேசுகிறது, பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் உதைப்பதுதான் நியாயமா என்று கேட்டான். ஹால்காரம்மா வாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

“இது நீங்க மாட்டின பலகைதானே? எடுக்கணும்னா மூலைப்பிடியும் சேர்ந்துதான் போகும். ரெண்டும் இருக்கட்டும், இல்லேன்னா ரெண்டும் வேண்டாம்.”

மூலைப்பிடி போனால் தன் கையில் ஒன்றுமே மிஞ்சாது என்று மெக்கானிக்குத் தெரியும். ஆனாலும் பொறாமை கண்ணை மறைத்தது. ரெண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.

தடைக்குப் பிறகு வந்த போட்டியில் ஆளாளுக்குத் தடுமாறியதில், இறுதிக்கு மிஞ்சியது மறுபடியும் சகலைகள் இருவரும்தான். சகலை வாய் திறந்துவிடக் கூடாதென்று ஒரு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஹால்காரம்மா பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். அத்தனை மட்டமான ஆட்டத்தை அந்த ஹால் பார்த்ததில்லை. இரண்டு பேரும் காற்றை உதைத்தார்கள். எப்படியோ ஆளுக்கு ஒரு சுற்று வந்து, கடைசிச் சுற்றில் சகலையின் ஆள் ஒரு அடி தாங்கினால் அதிகம் என்கிற நிலைமை. அப்போது மொட்டை நின்றான். எதிராளியிடம் போகவில்லை. திரைக் கண்ணாடியின் பக்கம் திரும்பி, பொதுவாகச் சொன்னான்.

“முட்டி ரொம்ப வலிக்குது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை.”

 சகலையின் கன்னத்தில் மிட்டாய் நகர்ந்தது. மிட்டாயைத் தாண்டி ‘ம்’ வந்துகொண்டிருப்பதை மெக்கானிக் பக்கத்திலிருந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி பொறுத்தால் போதும். அவன் உம் கொட்டுவான், விதிப்படி வெளியே போவான், கோப்பை ஃபிரிட்ஜுக்குத் திரும்பிவிடும். ஆனால் மொட்டை மறுபடி அவனிடம் போய் உட்காருவான். அதை இன்னொரு தடவை கண்ணால் பார்க்க மெக்கானிக்குத் தெம்பில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பாடு போட்டால், பேசாமல் இருங்கள், வேலை நடக்கிறது என்று அதட்டியே பழகிய வாய் அது. அந்த வாய் முந்திக்கொண்டது.

“ம்... சொல்லு.”

ஹால்காரம்மா அவருடைய தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார். தடை கேட்டவரே தடையில் விழுந்தார். கோப்பை சகலை வீட்டுக்குப் போனது. அடுத்த வாரமே ஹால்காரம்மா தடையைத் தூக்கிவிட்டு, ஹால் வாடகைக்கு வழி செய்கிற கூட்டம் எதற்கு வந்தாலும் சரி என்று பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னார். மூலைப்பிடி மறுபடி செல்லும் என்றாலும் மெக்கானிக் அதைத் தொடவில்லை. முழங்கால் என்று ஒன்று இருக்கிறதே. அதன் பிறகு அவர் ஜெயிக்கவும் இல்லை. வேலை முடிந்து வரும் வழியில், கையில் கிரீஸ் வாசனையோடு ஏறி, காசு போட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு உட்காருவார். மொட்டை வந்து கண்ணாடி ஓரமாக உட்காருவான். ஆரம்பத்தில் கூட்டம் சேர்ந்தது, பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் மொட்டை அவர் முகத்தையும், பக்கத்திலிருந்த காலி நாற்காலியையும் பார்த்தான்.

“உங்க சகலை வரலையா?”

 மெக்கானிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார், பிறகு விட்டார்.

“ஞாயித்துக்கிழமை வருவாரு,” என்றார். “அதுவரைக்கும் என்கிட்ட சொல்லு.”