வேரில் படிந்த வெள்ளை

நாற்றுப் பண்ணை முதலாளிக்கு அங்கே வேலை செய்பவர்கள் வைத்திருந்த பெயர் 'மருந்து'. ஓர் இலையில் புள்ளி தெரிந்தால் போதும், தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வருடம் பைன் கன்றுகள் விரல் உயரம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டன. ஊசியிலைகள் மஞ்சளடித்தன. உரத்தைக் கூட்டிப் பார்த்தார். கன்றுகள் அசைந்து கொடுக்கவில்லை.

பைகளில் மண் நிரப்பும் வேலை அவருடைய தங்கையுடையது. அவள் தனியாகப் பார்த்துக்கொண்ட ஒரு வரிசையிலிருந்து கன்றைப் பிடுங்கிப் பார்த்த முதலாளி பதறிப்போனார். வேரெல்லாம் வெள்ளை நூல்.

"என்னம்மா இது, பூஞ்சை பிடிச்சிருக்கு?"

"ஆமாண்ணா. நான்தான் போட்டேன்."

அவர் தெளிப்பானை எடுத்து முதுகில் மாட்டினார். "என் மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல. பின்வேலி பைன் மரத்தடியில தானா முளைச்ச கன்னுங்க எப்படித் தளதளன்னு நிக்குது, பார்த்தீங்களா? அதுக்கு யாரு உரம் போட்டா? விதைக்காரருக்கு போன் பண்ணிக் கேட்டேன். அந்த மண்ணுல ஒரு நல்ல பூஞ்சை இருக்காம். வேரோட ஒட்டிக்கிட்டு, வேர் எட்டாத இடத்துலேர்ந்து தண்ணியும் சத்தும் கொண்டுவந்து குடுக்குமாம். நாம வாங்கின மண்ணுல அது இல்ல. அதான் ரெண்டு கூடை அள்ளிட்டு வந்து என் வரிசையில மட்டும் கலந்தேன்."

"சும்மா குடுக்குமா?"

"கன்னுகிட்ட கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கும். என் வீட்டுக்காரர் மாதிரி இல்ல, வேலை செஞ்சிட்டுத்தான் சாப்பிடும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெளிப்பானின் பிடியைத் தூக்கினார். தங்கை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தன் வரிசைக்கு முன்னால் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"மூணு மாசம் விடுங்க. தேறலைன்னா நானே தெளிக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சட்டைப்பையில் அளவுகோலோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். இரண்டாம் மாதம் தங்கையின் கன்றுகள் கரும்பச்சையாகின. மூன்றாம் மாதம் சாண் உயரத்தைத் தாண்டின. அவருடையவை இன்னும் விரல் உயரத்திலேயே நின்றன.

ஒரு காலையில் தங்கை பின்வேலிப் பக்கம் போனாள். அண்ணன் மரத்தடியில் முழங்காலிட்டு, சருகைத் தள்ளிவிட்டு மண் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா தேடறீங்க?"

"மோதிரம் விழுந்துடுச்சு."

"நீங்க எப்ப மோதிரம் போட்டீங்க?"

அவர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. "கேள்வி கேக்கறதை விட்டுட்டு இன்னொரு கூடை எடுத்துட்டு வா. என் வரிசை பெருசு."

அவள் போய் நான்கு கூடைகள் கொண்டுவந்தாள்.