ஹெர்மன் மாஸ்ரரின் முன்பற்கள்

காலைக் கஞ்சி முடிந்ததும் ஓக்லன்டின் எப்சம் முதியோர் இல்லத்தில் பல் கழுவும் படலம் தொடங்கும். யார் பல், எவர் பல் என்ற பேதமில்லை. எல்லாருடைய பொய்ப்பற்களும் ஒரே வாளிக்குள். தனித்தனியாகக் கழுவினால் நேரம் போகிறதென்று இல்லத்துத் தலைவி மேற்றன் கண்டுபிடித்த முறை அது. செல்வரத்தினம் முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு கிண்டினார். மேலே கஞ்சி ஆடை மிதந்தது. ஒரு பல்வரிசையின் இடுக்கில் நேற்றைய ஆட்டிறைச்சி நார் தொங்கியது.

"அண்ணை, உங்களுக்கு மணக்கேல்லையே?" என்று மூக்கைப் பொத்தினாள் சமையலறையில் வேலைசெய்யும் அன்ரனீற்றா.

"மூக்கைக் கழட்டி வீட்டை வைச்சிட்டுத்தான் பிள்ளை நான் பஸ் ஏறுறது."

கழுவியதைத் திருப்பிக் கொடுப்பது குத்துமதிப்பில். பொருந்தினால் அவரவர் பல். பொருந்தாவிட்டாலும் மதியம் சூப்தானே.

ஹெர்மன் மாஸ்ரரின் பல்லை மட்டும் செல்வரத்தினம் வாளிக்குள் விடுவதில்லை. தன்னுடைய தேநீர்க் கோப்பைக்குள் போட்டு அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டு, தேநீரைப் போத்தல் மூடியில் குடித்தார். மாஸ்ரர் கிளாரினெட்காரர். குழலின் வாயில் மேல் முன்பற்களை ஊன்றித்தான் ஊத வேண்டும்; அந்தப் பல் இல்லாவிட்டால் சீவாளி தொலைந்த நாதஸ்வரத்தின் கதிதான். ஊதி ஊதி இரண்டு முன்பற்களின் நுனியிலும் அரைவட்டமாய் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

மாஸ்ரர் ஹம்பேர்க்கில் நடன இசைக்குழு நடத்தியவர். ஒருநாள் துறைமுகத்தில் அவர் உச்சத்தில் ஒரு சுரம் பிடிக்க, கப்பலொன்று பதிலுக்கு ஊதிவிட்டு ஆட்களை ஏற்றாமலே புறப்பட்டுப் போனதாம். செல்வரத்தினம் அதை உடனே நம்பினார். நம்பக் கடினமான பகுதிகள் வேறு. சீருடைக்காரர் வந்து, இன்னதைத்தான் ஊதலாம் என்றார்கள். மாட்டேனென்று மாஸ்ரர் கப்பலேறினார். போர் தொடங்கியதும், ஓடிவந்த நாடே அவரை ஜெர்மன்காரன் என்று தீவொன்றில் அடைத்தது. வெளியே வந்த பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட குழுவோடு ஓக்லன்ட் முழுவதையும் சனிக்கிழமைகளில் ஆடவைத்தார். கிற்றார்ப் பையன்கள் வந்து கூட்டத்தைக் கொண்டுபோனார்கள். மாஸ்ரர் இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத்தோல் உரிக்கப் போனார்.

இந்த ஞாயிறு இல்லத்தின் புதுக் கட்டடத் திறப்புவிழா. மாஸ்ரர் வாசிப்பார் என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது.

"ஒரு பாட்டு, செல்வா. ஒன்றை ஒழுங்காக ஊதிவிட்டால் போதும். குழல் பெட்டியை நானே பூட்டிவிடுவேன்," என்றார் மாஸ்ரர். பல் தேய்ந்துவிடுமென்று அந்தக் கிழமை முழுவதும் பாணைக்கூடப் பாலில் ஊறவைத்துத்தான் விழுங்கினார்.

ஞாயிறு காலை மேற்றன் அலமாரியைத் திறந்தாள்.

"இது என்ன?"

"ஹெர்மனுடைய பல், மேடம். இன்றைக்கு அவர்..."

"இங்கே எல்லாரும் சமம்." கோப்பை வாளிக்குள் கவிழ்ந்தது. "போய்க் கதிரைகளை அடுக்கு. இதை நானே கொடுத்துவிடுகிறேன்."

செல்வரத்தினம் திரும்பி வந்தபோது வாளி காலி. மாஸ்ரரின் வாயில் யாருடையதோ பெரிய பற்கள். கடைவாயில் வேறு யாரோ மென்ற ரொஃபி ஒட்டியிருந்தது. அவர் குழலை வைத்து ஊதினார். வாத்து மிதிபட்ட சத்தம் வந்தது. பல்லைக் கைக்குட்டையில் துப்பினார்.

மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பவரைப் போல, செல்வரத்தினம் அறையறையாகப் போய், "வாயைத் திறவுங்கள்" என்று கெஞ்சினார். பாதி அறைகள்கூட முடியவில்லை. அதற்குள் விருந்தாளிகளின் கார்கள் வந்துவிட்டன.

மேற்றன் சளைக்கவில்லை. மாஸ்ரரை மேடையில் இருத்தி, திரைக்குப் பின்னால் கடையில் வாங்கிய கிளாரினெட் கசற்றைப் போட்டாள். "விரலை மட்டும் ஆட்டு, ஹெர்மன்."

மாஸ்ரர் மேற்றனைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார். பல்லில்லாத வாயில் குழலை வைத்து, விரலை ஆட்டினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

"பிள்ளை, அந்தா மாஸ்ரற்ற பல்லு!" என்று அன்ரனீற்றாவின் கையைப் பிடித்தார் செல்வரத்தினம்.

"எங்கை அண்ணை?"

"கேக் தின்னுது."

முன்வரிசையில், இல்லத்திலேயே வசிக்கும் டன்லொப் சீமாட்டி கிறீம் கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். செல்வரத்தினம் ஓரடி வைத்ததும் மேற்றனின் கை அவர் தோளை அழுத்தியது. "விருந்தாளிகளுக்கு முன்னால் வேண்டாம்."

பத்திரிகைப் படக்காரர் மாஸ்ரரையும் சீமாட்டியையும் சேர்த்து நிறுத்தி, சிரிக்கச் சொன்னார். மாஸ்ரர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் தோளில் கைபோட்டு டன்லொப் சீமாட்டி வாய்கொள்ளாமல் சிரித்தாள். முன்பற்களின் அரைவட்டப் பள்ளத்தில் கிறீம் நிறைந்திருந்தது.